மறதி தெரிந்தால் நாடியையும் பிடித்துப் பாருங்கள்

பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுவந்த பெரியவர், நேற்று வாங்கிய பணத்தை இன்று மறுபடியும் கேட்கத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அப்படி விடுவதற்கு முன் அவருடைய நாடியைப் பார்க்க வேண்டும். ஏனெனில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களுக்கு, பக்கவாதமே வராதபோதும், நினைவாற்றல் குறையும் வாய்ப்பு கூடுதல் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் அதிரும்போது, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த ரத்தத்தின் பெரிய கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். சிறு துணுக்குகள் சென்றால், வெளியே எதுவும் தெரியாமலே மூளையின் சிறு சிறு பகுதிகள் பழுதாகும்.

அவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மென்மையாக வைத்து, முழுதாக 60 விநாடி கவனியுங்கள். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள். அதன் துடிப்பே உங்களைக் குழப்பும். எப்போதாவது ஒரு துடிப்பு தவறுவது பலருக்கும் உண்டு. ஆனால் இரண்டு விரைந்து, ஒன்று தாமதித்து, மறுபடி மூன்று விரைந்து எனத் தாளமே பிடிபடாவிட்டால் தாமதிக்காமல் இசிஜி எடுக்க வேண்டும். இக்கோளாறு வந்து வந்து போகக்கூடியது என்பதால், ஒரு இசிஜி சரியாக இருந்தாலும் இதயத் துடிப்பை ஒரு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் பிரஷர் பார்க்க வரும்போதும் இதைச் சொல்லுங்கள். உயர் ரத்த அழுத்தம் இக்கோளாற்றுக்கு முக்கியக் காரணம்.

உறுதியானால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும் என நாமே தீர்மானிப்பது தவறு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எடுத்துக்கொள்வோரிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டதைச் சுவீடன் ஆய்வொன்று காட்டியது. எனினும் அது கண்காணிப்பு ஆய்வு என்பதால் முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. அவ்வகை மருந்தான வார்ஃபரின் எடுப்பவர், கேழ்வரகுக் களிக்குக் கீரைக் குழம்பைக் கைவிட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைச் சொன்ன நாளில் பார்த்தால் போதும். மறதி உள்ளவரிடமே மாத்திரைப் பெட்டியைக் கொடுத்துவிடாமல், வீட்டில் ஒருவர் தினமும் எடுத்துக் கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகே நாள்காட்டியில் குறிக்க வேண்டும்.