பைக்குக்கு லித்தியம் பேட்டரி: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"லித்தியம் போட்டா வண்டி எடை குறையும், செல்ஃப் பட்டுனு எடுக்கும்ணா" என்ற பேச்சை இப்போது காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை எந்த மெக்கானிக் கடையிலும் கேட்கலாம். பேச்சில் பொய்யில்லை. பழைய புல்லட்டில் வரும் 14 ஆம்பியர் ஈய பேட்டரி நாலு கிலோவுக்குக் குறையாது. அதே வேலையைச் செய்யும் லித்தியம் பேட்டரி ஒரு கிலோ, ஒன்றரை கிலோவில் முடிந்துவிடும். விலை மட்டும் சில மடங்கு அதிகம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியது ஆறே மாதத்தில் செத்துப்போனால், பழியைப் பேட்டரி மேல் போடுகிறோம். பல சமயம் கோளாறு வண்டியின் சார்ஜிங்கில் இருந்திருக்கும். அதை வாங்கும் முன்பே அளந்து பார்த்திருக்கலாம்.

அளப்பது எப்படி என்பதற்கு முன்னால், எந்த லித்தியம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் அந்தப் பெயருக்கே ஒரு பயம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஸ்கூட்டரை ஓட்டுகிற பெரிய பேட்டரி வேறு, பைக்கை ஸ்டார்ட் செய்கிற சின்ன பேட்டரி வேறு. தரமான ஸ்டார்ட்டர் பேட்டரிகளில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். கடைகளில் எல்.எஃப்.பி. என்பார்கள். 2019இல் லித்தியம் அயனி பேட்டரிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குட்எனஃப்பின் குழு 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து வெளியிட்ட பொருள் அது. சூடேறினாலும் அதிலிருந்து ஆக்சிஜன் லேசில் பிரிந்து வராது. அதனால் மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் வாய்ப்பு குறைவு. அறவே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தவறுகளிலேயே உயிரோடு விளையாடுகிற தவறு ஒன்று உண்டு. பழைய லேப்டாப்பிலிருந்தோ மின்ஸ்கூட்டரிலிருந்தோ கழற்றிய உருளை செல்களை ஒட்டி, மேலே நீலத்தாள் சுற்றி, "லித்தியம்தான், பாதி விலை" என்று தருகிறார்களே, அதை வாங்குவது. கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த வகைச் செல் ஒன்று முழுக்க ஏறினால் 4.2 வோல்ட். மூன்றைத் தொடராக இணைத்தால் 12.6. பார்க்க 12 வோல்ட் பேட்டரி போலவே இருக்கும். ஆனால் ஓடுகிற வண்டி 14.2 வோல்ட் கொடுக்கும். ஒரு செல்லுக்கு 4.7க்கு மேல் போகிறது. இது செல்லைக் கொளுத்தும் அளவு. எல்.எஃப்.பி. செல்லோ 3.2 வோல்ட், முழுக்க ஏறினால் 3.65. நாலு சேர்த்தால் 14.6. பைக்கின் சார்ஜிங்குக்கு அளவெடுத்தது போலப் பொருந்துவது இதுதான். பெட்டியின் மேல் "12.8 வோல்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். செல்களைச் சமப்படுத்தி, அளவு மீறினால் துண்டிக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட் உள்ளே இருக்கிறதா என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கு இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

இப்போது அளவுக்கு வருவோம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். மெக்கானிக்கிடம் கட்டாயம் இருக்கும். இப்போதுள்ள பேட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, 4000, 5000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். 13.6 முதல் 14.4 வரை காட்டினால் நிம்மதி. 14.8ஐத் தாண்டினால் ரெகுலேட்டர், அதாவது சார்ஜிங் வோல்ட்டை அளவுக்குள் வைக்கும் பாகம், போயிருக்கிறது. ஈய பேட்டரி அதைக் கொஞ்ச நாள் சகித்துக்கொண்டு தண்ணீரைக் கக்கும். லித்தியம் சகிக்காது. ஒன்று செல்கள் ஊதும், இல்லையென்றால் பி.எம்.எஸ். ஓடும்போதே பேட்டரியைத் துண்டிக்கும். அந்த நொடியில் இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் துள்ளி எழுந்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினியான இ.சி.யூ.வையே பதம் பார்க்கலாம். மாறாக 13க்கு மேல் ஏறவே இல்லையென்றால் லித்தியம் எப்போதும் அரைவயிறாகவே கிடக்கும்.

குளிர்ந்த வண்டியில் அளந்துவிட்டு முடித்துவிடாதீர்கள். ரெகுலேட்டர் சூட்டில்தான் காலை வாரும். மே மாதத்து மதியம் ராணிப்பேட்டை வரை ஒரு முறை போய்வந்து, இறங்கிய கையோடு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போனால் தைரியமாக வாங்கலாம். பழைய 6 வோல்ட் வண்டிகளுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அவற்றின் சார்ஜிங்கை மாற்றாமல் லித்தியத்தை நினைக்கவே வேண்டாம்.

அடுத்து, அதிகம் பேர் ஏமாறுவது ஆம்பியரில், அதாவது பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஆம்பியர் அவர் எண்ணில். பழைய பேட்டரியில் 14 ஆம்பியர் என்று இருக்கும், லித்தியம் பெட்டியிலும் 14 என்று பெரிதாக இருக்கும். பொடி எழுத்தில் "ஈயத்துக்குச் சமமான" என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பு இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. உண்மைக் கொள்ளளவு தெரிய வேண்டுமானால் வாட் அவர் எண்ணைத் தேடுங்கள். 48 வாட் அவர் என்றால் 12.8ஆல் வகுங்கள்: 3.75 ஆம்பியர் அவர். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஈய பேட்டரி வாய் குறுகிய பெரிய குடம், லித்தியம் வாய் அகன்ற சின்னச் சொம்பு. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டியது சில நொடிக்கு வேகமாகக் கொட்டும் நீர். அந்த வேலையைச் சொம்பு அருமையாகச் செய்யும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு, போனையும் சார்ஜில் சொருகிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் சொம்பு சீக்கிரம் காலியாகும். எனவே ஸ்டார்ட்டுக்கு சி.சி.ஏ. எண்ணைப் பாருங்கள் (குளிரில் ஸ்டார்ட் செய்ய எவ்வளவு ஆம்பியர் கொட்டும் என்பதைச் சொல்வது), பழைய பேட்டரியில் உள்ளதற்குக் குறையக் கூடாது. நின்றபடி எரியும் விளக்கு, போன், கேமரா எல்லாம் உண்டென்றால் வாட் அவரையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். அப்போதும் ஈயத்தைவிட இலேசாகத்தான் இருக்கும்.

2021க்குப் பின் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இல் கிக்கர் கிடையாது. கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியென்றால் பெட்ரோல் பம்ப்பும் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பேட்டரி இறங்கினால், தள்ளிப் பார்த்தாலும் உயிர் வராமல் போகலாம்.

வி.ஐ.டி.யில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது வண்டியை அப்படியே காட்பாடியில் நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். லித்தியம் தானாக இறங்குவது மிகக் குறைவுதான். ஆனால் ஜி.பி.எஸ்., அலாரம், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் அவர். மேலே சொன்ன 3.75 சுமார் 15 நாளில் தீர்ந்துவிடும். ஈயம் அடியோடு இறங்கினால் சில சமயம் மீட்கலாம். லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால் கெட்டுவிடும். கிளம்பும் முன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

வோல்ட்டைப் பார்த்து நிலைமையைக் கணிப்பதிலும் பழைய பழக்கம் கவிழ்த்துவிடும். நின்ற வண்டியில் 12.8 காட்டினால் ஈய பேட்டரி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். லித்தியத்தில் அதே 12.8 ஏறக்குறைய காலி (பெட்டியின் மேல் போட்டிருக்கும் 12.8 பெயரளவுக்கான எண்தான்). நல்ல லித்தியம் ஓய்வில் 13.3 காட்ட வேண்டும்.

சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஈய பேட்டரி சார்ஜர்கள் சிலவற்றில், ஈயத் தகட்டில் படியும் சல்ஃபேட்டை உடைக்க உயர் வோல்ட்டில் துடிப்பு அனுப்பும் முறை உண்டு. அது லித்தியத்துக்கு விஷம். எல்.எஃப்.பி. என்று குறித்த சார்ஜர், 14.6 வோல்ட்டுக்கு மேல் போகாதது, அதை மட்டும் வாங்குங்கள். படுக்கையறையிலோ வாசல் வழியிலோ சார்ஜ் போடாதீர்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவே தூங்காதீர்கள்.

இணையத்தில் படிப்பதெல்லாம் குளிரைப் பற்றியே எச்சரிக்கும். ஏலகிரியில் மார்கழி விடியலில் முதல் செல்ஃப் கொஞ்சம் சோம்பலாக இருக்கலாம். சில நொடி விட்டு மறுபடி அழுத்தினால், முதல் முயற்சியிலேயே பேட்டரி உள்ளே சூடேறி அடுத்ததில் எடுத்துவிடும். லடாக் போகிறவர்கள்தான் உண்மையில் யோசிக்க வேண்டும், உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. நமக்குப் பகை வெயில். 40 டிகிரியைத் தாண்டும் நாளில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் எவ்வளவு சூடு இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சைலன்சர் பக்கமாகப் பேட்டரி இருக்கும் வண்டியில் சூடு தடுக்கும் தகடு கழன்றிருந்தால் முதலில் அதை மாட்டுங்கள். நிழலில் நிறுத்துங்கள்.

மாட்டும்போது பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று பாருங்கள். சின்ன பேட்டரி ஆடாமலிருக்க உடன் வரும் ஃபோமை வையுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம்.

ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். அதன் 3 ஆம்பியர் பேட்டரியே ஒன்றரை கிலோகூட இருக்காது, கிக்கரும் உண்டு. அந்தக் காசில் நல்ல டயர் ஒன்று போட்டுக்கொள்ளலாம். வாரண்டி முடியாத புது வண்டிக்காரர்கள் சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிக்கொண்டு மாற்றுங்கள்.

கழற்றிய ஈய பேட்டரியை வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். லித்தியம் என்றைக்காவது ஊதினாலோ இனிப்பு கலந்த ரசாயன வாடை அடித்தாலோ சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். கழற்றி, வீட்டுக்கு வெளியே சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு விற்ற கடைக்குச் சொல்லுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பவருக்கு உண்டு. காயலான் கடையில் போட்டால் அங்கே சுத்தியலால் உடைப்பார்கள்.