பழைய எண்ணெய் தெளிய வைக்கும் பேரல்: எங்கே தவறுகிறோம்?

பஜ்ஜிக் கடையிலிருந்து வாங்கி வந்த எண்ணெயைத் துணியில் வடிகட்டி நேரே டீசல் இஞ்சினில் ஊற்றினால் ஓடத்தான் செய்யும், கொஞ்ச நாள். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியிருக்கிறது. ஆனால் நம் கைக்கு வருவது பலமுறை காய்ந்த எண்ணெய். தண்ணீர், உப்பு, கருகிய மாவு எல்லாம் அதில் உண்டு. அவை அடியில் இறங்கும்வரை எண்ணெயை அசையாமல் வைத்திருப்பதுதான் இந்தப் பேரல் தொட்டியின் வேலை. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், தொட்டியை அடுப்பில் வைத்த அண்டாவாக நினைத்ததால் வந்தவை.

முதல் தவறு பழைய இரும்புக் கடையிலேயே தொடங்குகிறது. தின்னரோ பெட்ரோலோ இருந்த பேரலை வெட்டினாலும் வெல்டிங் வைத்தாலும் அது வெடிக்கும். 'நன்றாகக் கழுவிவிட்டேன்' என்பது காப்பாற்றாது. மடிப்பில் தங்கிய துளி ஆவியே போதும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பேரலை வாங்கவே வேண்டாம். மாம்பழக் கூழ் ஏற்றுமதிக்குப் பயன்படும், மூடி முழுதாகத் திறக்கும் 200 லிட்டர் பேரல் கிடைத்தால் நல்லது. கூழ் தனிப் பையில் இருப்பதால் இரும்பு சுத்தமாக இருக்கும்.

கையில் கிடைத்த துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பையும் செம்பு கலந்த பித்தளை வால்வையும் மாட்டுவது அடுத்தது. துத்தநாகமும் செம்பும் எண்ணெயை வேகமாகக் கெடுத்துப் பிசினாக்கும். இதில் செம்பு மோசம். பழைய செம்பு கெய்சரைத் தொட்டியாக்கும் ஆசை வேண்டாம். சாதா இரும்பு அல்லது எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போதும். சாதாரண ரப்பர் ஹோஸ் ஊறிப் பருத்துவிடும், எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

வால்வு ஒன்றே ஒன்று, அதுவும் அடியில் வைத்தால், திறந்ததும் முதலில் வருவது மண்டிதான். இரண்டு வேண்டும். அடியில் ஒன்று, தண்ணீரையும் மண்டியையும் கழிக்க. ஒரு சாண் உயரத்தில் இன்னொன்று, தெளிந்த எண்ணெயை எடுக்க. தட்டையான அடி என்றால் வால்வுப் பக்கம் சற்றே சாய்த்து நிறுத்துங்கள்.

இனி சூடு. உயிருக்கே ஆபத்து இங்கேதான். வாளியில் தண்ணீர் காய்ச்சும் ராடைப் பேரலில் போடுகிறார்கள். அதில் தெர்மோஸ்டாட் இல்லை. எண்ணெய் மட்டம் இறங்கி ராடு வெளியே தெரிந்தால் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். மண்டிக்குள் புதைந்தால் கருக்கிவிடும். அடியில் விறகு வைப்பது அதைவிடக் கொடுமை. கீழே தேங்கிய தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினால் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1,600 லிட்டர் நீராவியாகும், அத்தனையும் மேலே நிற்கும் கொதி எண்ணெயை முகத்தில் வீசிக்கொண்டு வரும். முதலில் தண்ணீரைக் கழியுங்கள், பிறகு 60 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள், பக்கத்திலேயே இருங்கள். எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் ஹீட்டர் வேண்டாம். சித்திரை வெயிலில் கருப்புப் பெயிண்ட் அடித்த பேரல் தானாகவே நல்ல சூடு ஏறும். ஹீட்டரே இல்லாமல் இரண்டு வாரம் நிற்கவிட முடிந்தவர்களுக்கு எனது ஓட்டு அதற்குத்தான்.

சூடேறினால் எண்ணெய் விரியும். 200 லிட்டர் 30-லிருந்து 65 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய 5 லிட்டர் கூடும். விளிம்பு வரை நிரப்பி இறுக மூடாதீர்கள். வலை கட்டி, வாய் கீழ்நோக்கி வளைந்த காற்றுக்குழாய் ஒன்று இருக்கட்டும்.

சூட்டோடு வடிகட்டுவது பலருக்கும் பிடித்த குறுக்குவழி, ஏனென்றால் சீக்கிரம் இறங்கும். ஆனால் நம் கடைகளில் புழங்குவது பெரும்பாலும் பாமாயில். சூட்டில் உருகிய அதன் கொழுப்பு வடிகட்டியைத் தாண்டிவிட்டு, மார்கழிக் காலையில் பைப்பில் உறைந்து நிற்கும். ஆறவிட்டே வடிகட்டுங்கள். பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயைக் காய்ந்த கடாயில் தள்ளி நின்று விட்டுப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

வடிகட்டிய துணியைச் சுருட்டி மூலையில் போடுவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். சூரியகாந்தி, சோயா எண்ணெய் நனைந்த துணிக் குவியல் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

இதே பேரலில் மெத்தனால் ஊற்றி பயோடீசல் செய்து பார்க்காதீர்கள். அதன் ஆவி விஷம், பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அது வேறு வேலை, வேறு பாத்திரம்.

தெளிந்த எண்ணெயும் சாதாரண வெப்பத்தில் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டி. டீசலில் ஸ்டார்ட் செய்து, எண்ணெயைச் சூடாக்கி அனுப்பி, மறுபடி டீசலில் நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் காமன்ரயில் இஞ்சின் வண்டியில் முயலவே கூடாது.

பேரலிலும் கேனிலும் 'எரிபொருள்' என்று பெரிதாக எழுதுங்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது உண்டாகும் துருவச் சேர்மங்கள் (டிபிசி) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. தெளிந்து பொன்னிறமாக நிற்கும் இந்த எண்ணெயைப் பார்த்து, விவரம் தெரியாத யாரும் வாணலியில் ஊற்றிவிடக் கூடாது.