பதிவேடு சொல்லாததைக் குடம் சொன்னது

சென்னை வியாசர்பாடியில் ஒரு மாலை வகுப்புத் திட்டத்தை மதிப்பீடு செய்தபோது, கருத்துக்கணிப்பையும் நேர்காணலையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டேன். அவசரக் குடுக்கை வேலை. படிவங்களில் எல்லோரும் ‘மிகவும் திருப்தி’. வருகைப் பதிவேட்டிலோ வியாழன்தோறும் பாதிப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மை. ஏன் என்று நேர்காணலில் கேட்கவே இல்லையே!

வரிசையை மாற்றினேன். முதலில் பதிவேட்டை எண்ணினேன்; பிறகு, அதிகம் விடுபட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் போனேன். எண் எங்கே இடிக்கிறதோ அங்கேதான் பேச்சு தொடங்க வேண்டும்.

“அன்றைக்குத்தானே தண்ணீர் லாரி வரும், குடம் பிடிக்க ஆள் வேண்டாமா?” என்றார் ஓர் அம்மா. திருப்தியை ஐந்து படிகளில் குறிக்கச் சொல்லும் படிவத்தில் குடத்துக்கு ஏது கட்டம்?

வியாழன் வகுப்பை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் அதே பதிவேட்டை மறுபடி எண்ணினேன்; சிவப்பு மை குறைந்திருந்தது.