குறிப்பாணை எழுதும் முன்பே வக்கீலைப் பாருங்கள்

கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாளர் துறையைக் கவனித்து வருகிறேன். 140 பேர் வேலை செய்யும் இடம். தனியாகச் சட்டத் துறை கிடையாது. எது வந்தாலும் வெளி வக்கீல்தான். எங்களைப் போன்ற நிறுவனங்களில் வக்கீலிடம் எப்போது போவது, எதை எடுத்துப் போவது, எதை அவர் தலையில் கட்டக்கூடாது என்று சொல்லித்தர ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய குற்றச்சாட்டுக் குறிப்பாணையின், அதாவது செய்த தவறைச் சொல்லி விளக்கம் கேட்கும் கடிதத்தின், நகல் இருக்கிறது. அச்சு வார்ப்புப் பிரிவில் ஒரு தொழிலாளி மேற்பார்வையாளரை அடித்துவிட்டார். மூன்று பேர் நேரில் பார்த்தார்கள். முதலாளியின் நில வழக்குகளைப் பார்த்துவந்த வக்கீலிடம் ஓடினேன். அவர் அழகான ஆங்கிலத்தில் நாலு வரி எழுதித் தந்தார்: குறிப்பிட்ட நாளில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது. அதை அப்படியே லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்தோம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாரை, எப்படி அடித்தார் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அந்தத் தொழிலாளி ஆறாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்.

அந்தத் தாளை வைத்தே நிறுவனத்துக்குள் விசாரணை நடத்தி அவரை வேலைநீக்கம் செய்தோம். நான்கு ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் நீதிமன்றம் அந்த உள்விசாரணை முறையானதல்ல என்று சொல்லிவிட்டது. விசாரணை செல்லாது போனாலும், நீதிமன்றத்திலேயே சாட்சி வைத்துக் குற்றத்தை நிரூபிக்க நிர்வாகத்துக்கு வழி உண்டு. ஆனால் அந்த அனுமதியை எதிருரை (வழக்குக்கு நாம் எழுதித் தரும் பதில்) தாக்கல் செய்யும்போதே கேட்டுவைக்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. எங்கள் எதிருரையில் அந்த ஒரு பத்தி இல்லை. அடித்தது உண்மை, நிரூபிக்க வழியில்லை. பணம் கொடுத்து முடித்தோம்.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழக்கம் இது: நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடுவதில்லை. குறிப்பாணை எழுதும் முன்பே போகிறேன். வேலைநீக்க வழக்கின் பாதித் தலைவிதி அந்த ஒரு தாளில் எழுதப்பட்டுவிடுகிறது.

இப்போது நாங்கள் எழுதும் குறிப்பாணை தமிழில், இப்படி இருக்கும்: "இன்ன தேதி மாலை 4.20 மணிக்கு, இரண்டாம் உலைக்கு அருகில், ஷிப்ட் மேற்பார்வையாளர் உங்களை அச்சுப் பெட்டியை நகர்த்தச் சொன்னபோது, அவரை வலது கன்னத்தில் அறைந்தீர்கள். இது நிலையாணையின் இன்ன பிரிவின்படி ஒழுங்கீனம்." (நிலையாணை என்பது நிறுவனத்தின் வேலை, ஒழுங்கு விதிகளின் தொகுப்பு.) இரண்டு செயல் என்றால் இரண்டு குற்றச்சாட்டு. முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்ட தொனி எங்கும் வரக்கூடாது. வரைவை நான்தான் எழுதுகிறேன், ஏனென்றால் சம்பவ இடத்தைத் தெரிந்தவள் நான். வக்கீல் திருத்துகிறார். விசாரணை அதிகாரியாக அவருடைய ஜூனியரையே போடுவதில்லை; நாளைக்கு அதே அலுவலகம் எங்களுக்காக வாதாட வேண்டியிருக்கும். இடைநீக்கம் செய்திருந்தால் பிழைப்பூதியத்தை (அந்தக் காலத்துக்குத் தரவேண்டிய பகுதிச் சம்பளத்தை) மாதம் தவறாமல் கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன்.

இன்னொரு பொதுவான தவறும் உண்டு. பத்து நாள் வராதவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, "தானே நின்றுவிட்டார்" என்பது. நிலையாணையில் அதற்கு விதி இருந்தாலும், விளக்கம் கேட்காமல் நீக்கியது செல்லாது என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில், வேலைக்குத் திரும்பச் சொல்லித் தமிழில் கடிதம் அனுப்புங்கள். திரும்பிவந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள். அது சாட்சியம்.

வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது, தொழிலாளர் நீதிமன்றத்தில் அன்றாடம் நிற்பவரைத் தேடுங்கள். சிவில் வழக்கில் கெட்டிக்காரராக இருப்பது இதற்குப் போதாது. அவரோ அவரது அலுவலகமோ உங்கள் தொழிற்சங்கத்துக்கு ஆஜராகிறதா என்று நேராகவே கேளுங்கள். வாய்தாவுக்கு வரப்போவது அவரா, ஜூனியரா என்பதையும் பீஸையும் ஒரு கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்ற பேச்சுக்கு இடமில்லை; பார் கவுன்சில் விதிகள் அதைத் தடுக்கின்றன.

முதல் சந்திப்புக்கு நான் எடுத்துப்போவது ஒரே ஒரு பக்கத் தேதிப் பட்டியல்: வேலையில் சேர்ந்த நாள், கடைசிச் சம்பளம், பழைய எச்சரிக்கைகள், சம்பவம், ஒவ்வொரு கடிதமும் போன நாள், கிடைத்த நாள். அதன்பின் வரிசையாக நகல்கள். அசல் என்னிடமே இருக்கும். நமக்குப் பாதகமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன். மேற்பார்வையாளர் அன்றைக்குக் கெட்ட வார்த்தை பேசியிருந்தால், குறுக்கு விசாரணையில் அது எப்படியும் வெளியே வரும். எங்கள் வக்கீலுக்கு அது எங்கள் வாயால் தெரிந்திருக்க வேண்டும். வக்கீலிடம் சொல்வது பாரதிய சாட்சிய சட்டம் 132ஆம் பிரிவின்படி காக்கப்படுகிறது. அவர் தந்த கருத்துரையை மேலாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு நீங்களே அந்தக் காப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீல் வர முடியாத இடங்களும் இருக்கின்றன. தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன் நடக்கும் பேச்சுவார்த்தைக்கு அவர் உங்களுக்காக ஆஜராக முடியாது. நீங்கள்தான் போக வேண்டும். அதனால் எதுவரை இறங்கலாம் என்று முதலாளியிடம் முன்பே கேட்டு, முடிவெடுக்கும் அதிகாரத்தோடு போங்கள். "கேட்டுச் சொல்கிறேன்" என்று மூன்று முறை சொன்னால் எதிரே இருப்பவர் நம்பிக்கை இழந்துவிடுவார். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவிலும் இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு முன்கூட்டியே இருந்தாக வேண்டும். புகார் வந்தபின் அவசரமாக அமைக்கும் குழுவை எந்தப் பெண்ணும் நம்பமாட்டாள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். வக்கீலைக் கொண்டு குழு உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி கொடுப்பது அந்தச் செலவுக்குத் தகும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நிலையாணைக்கான வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகியிருக்கிறது. எங்கள் 140 பேருக்குச் சான்றளிக்கப்பட்ட பழைய நிலையாணையின் கதி என்ன என்று வக்கீலிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கினேன். நீங்களும் அப்படிக் கேளுங்கள். வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போட மூன்று ஆண்டாக இருந்த காலம் இரண்டாகக் குறைந்திருக்கிறது. வேலையை விட்டவருக்குக் கணக்கு முடிக்க இரண்டு வேலை நாள்தான். ஊதியத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்கிறது. இந்தக் கடைசி விஷயத்துக்கு வக்கீலையும் ஆடிட்டரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். தனித்தனியே கேட்டால் பணிக்கொடையில் ஒருவர் கணக்கும் மற்றவர் கணக்கும் ஒட்டாது.

வழக்கு நடக்கும்போது வாய்தா தேதியை வக்கீலின் டைரியை மட்டும் நம்பி விடாதீர்கள். எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு காலண்டர் இதற்காகவே தொங்குகிறது. முந்தைய நாள் மாலை வக்கீலின் குமாஸ்தாவுக்கு ஒரு போன், மறுநாள் மாலை என்ன நடந்தது என்று இன்னொரு போன். ஒருவரும் ஆஜராகாத ஒரே ஒரு நாளில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். வக்காலத்தை வாசித்துக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து யாருக்கும் வேண்டாம், எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

வக்கீலை மாற்ற நேர்ந்தால், மரியாதையாக நேரில் போய்ச் சொல்லி, பாக்கியைத் தீர்த்து, ஆட்சேபமில்லை என்ற கையொப்பத்தையும் கேஸ் கட்டையும் கேளுங்கள். பீஸில் தகராறு இருந்தாலும் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வாங்கும்போது பக்கங்களை எண்ணிப் பட்டியல் போட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சாட்சிக் குறியீடு இட்ட ஆவணங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு தாள் குறைந்தால் யாரிடமும் கேட்க முடியாது.