ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: காசு கொடுக்கும் முன் கடையிலேயே சோதிப்பது எப்படி?

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் ஏறி ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது பழையதைச் சரிசெய்து மறுபடி விற்கும் லேப்டாப், கேட்டுப் பாருங்கள். "ஐ7 இருக்கு சார், பீஸ் புதுசு மாதிரி இருக்கும்" என்பார்கள். இந்த இரண்டில் எதை நம்பியும் வாங்க முடியாது. துடைத்து, மூடிக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் எந்த லேப்டாப்பும் புதுசு மாதிரிதான் இருக்கும். ஐ7 என்பது இன்டெல் பிராசஸரின் (கணினியின் மூளை) வகைப் பெயர், அதன் கதையைக் கீழே சொல்கிறேன்.

சோதிக்க அரை மணி நேரம் போதும். ஒரு பென்டிரைவும் ஹெட்போனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வரிசை?

டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக். இந்த மூன்றுக்குள் தேடுங்கள். இவை அலுவலகங்களுக்கென்று செய்தவை. சில ஆண்டுகள் ஓடியதும் நிறுவனங்கள் மொத்தமாகக் கழித்துவிடுவதால் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. உடம்பு உறுதியானது, உதிரிபாகமும் சுலபமாகக் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கென்று வந்த மலிவு மாடல்களைப் பழையதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கீல் உடைந்தால் அதோடு கதை முடிந்தது.

படி 2: ஐ5, ஐ7 பார்க்காதீர்கள், அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள்

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பிராசஸரின் முழுப் பெயர் இருக்கும். ஐ5-8350யூ என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 என்பது எட்டாம் தலைமுறை. 7300யூ என்றால் ஏழு. 10210யூ, 1135ஜி7 என்று 10, 11-இல் தொடங்கினால் பத்தாம், பதினோராம் தலைமுறை.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். காரணம் இரண்டு. ஒன்று, ஐ7-6600யூ, ஐ7-7600யூ இரண்டிலும் இருப்பது இரண்டே கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி). ஐ5-8350யூவில் நான்கு. பெயரில் பெரியது, வேலையில் சின்னது. ஐ7 என்று கூடுதல் விலை சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும். இரண்டாவது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறாம் தலைமுறையிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார்கள், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

மாடலாகச் சொன்னால், திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றும் எட்டாம் தலைமுறைக் காலத்தவை. இதே பெயர்களில் சிலவற்றில் ஏழாம் தலைமுறை பிராசஸரும் வந்திருக்கிறது, அதனால் திரையில் பார்த்து உறுதி செய்யுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுக்கொள்வேன் என்பவர்களுக்கு ஆறு, ஏழாம் தலைமுறையும் போதும். விலையும் நன்றாகக் குறையும்.

படி 3: ரேம், திரை

8 ஜிபி ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. டாஸ்க் மேனேஜரில் மெமரியை அழுத்தினால் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை என்று தெரியும். டி480-இல் இரண்டு ஸ்லாட், பிறகு கூட்டிக்கொள்ளலாம். மெல்லிய திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கியதுதான் கடைசி வரை.

திரை 1920×1080 தானா என்று டிஸ்பிளே செட்டிங்ஸில் பாருங்கள். ஒரே மாடலில் 1366×768 திரையும் வந்திருக்கிறது. முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் திட்டுகள் தெரிந்துவிடும்.

படி 4: பேட்டரி

சார்ஜ் சதவீதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்-சிஎஃப்ஜி என்பதை ஆங்கிலத்தில் கோடில்லாமல் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள் (powercfg /batteryreport). ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போதுள்ள கொள்ளளவு) என்று இரண்டு எண்கள். முதலாவது 60,000, இரண்டாவது 39,000 என்றால் பேட்டரி 65 சதவீதத்துக்கு வந்துவிட்டது. புதிய பேட்டரிக்கு ஆகும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

100 சதவீதம் காட்டினாலும் உடனே மகிழ வேண்டாம், டூப்ளிகேட் பேட்டரியும் அப்படிக் காட்டலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டு மற்ற சோதனைகளைச் செய்யுங்கள். கால் மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் உண்மை தெரியும்.

சார்ஜரிலும் ஒரு விஷயம். டெல் லேப்டாப்பில் போலி சார்ஜர் போட்டால், அடாப்டரின் வகை தெரியவில்லை என்று ஆன் ஆகும்போதே எச்சரிக்கை வரலாம். அப்போது பேட்டரி ஏறாமல் போகலாம், வேகமும் குறையலாம்.

படி 5: பழைய முதலாளியின் பூட்டு

பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. வீட்டுக்குப் போனபின் மாட்டிக்கொண்டால் வெளியே வருவதும் கஷ்டம்.

ஆன் செய்யும்போது டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, எச்பியில் எஃப்10 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் வேண்டாம். உள்ளே கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற திருட்டுத் தடுப்பு வசதி ஆக்டிவ் ஆக இருந்தாலும் வேண்டாம். அங்கே தெரியும் சீரியல் எண்ணும் அடியில் ஒட்டிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். டெல், லெனோவோ இணையதளங்களில் அந்த எண்ணைப் போட்டால் அந்த மெஷினின் வாரண்டி விவரம் வரும்.

அப்புறம், கடைக்காரரை உங்கள் முன்னாலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபையில் இணையுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு லாகின் பக்கம் வந்தால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் ஆட்டோபைலட் (நிறுவனங்கள் தங்கள் கணினிகளைப் பதிவு செய்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி) பட்டியலில் இருக்கிறது. அது மதர்போர்டோடு ஒட்டிய அடையாளம், தகவல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்றினாலும் போகாது. மேக்புக்கிலும் ஆக்டிவேஷன் லாக் என்று இதே தொல்லை உண்டு.

படி 6: மிச்சம்

நோட்பேடில் எல்லா விசைகளையும் தட்டுங்கள். எல்லா யூஎஸ்பி துளைகளிலும் பென்டிரைவைச் செருகுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் துளை, கீல். டி480 என்றால் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் கோளாறால் அந்தத் துளை பழுதாகலாம் என்று லெனோவோவே அறிவித்து, அதற்கு அப்டேட் வெளியிட்டது. எஸ்எஸ்டியின் நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் சொல்லிவிடும்.

விண்டோஸ் செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் லைசன்ஸ் என்று இருந்தால் சரி. நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் என்று இருந்தால், பெரும்பாலும் அது குறுக்கு வழியில் போட்டது.

படி 7: பில்

சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். வாரண்டி எத்தனை மாதம், எதற்கெல்லாம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். அரசு முத்திரை போட்ட, மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லேப்டாப் விற்பனைக்கு வந்தால் தொடவே வேண்டாம்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

கடையில் போட்ட விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுங்கள். முன்பிருந்த அதே விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், உண்மையான லைசன்ஸ் இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆகவில்லையென்றால் பில்லை எடுத்துக்கொண்டு அந்த வாரத்துக்குள்ளேயே கடைக்குப் போய்விடுங்கள்.