குழந்தை தூங்கும்போது தாய்க்குத் தூக்கம் வருகிறதா?

பிறந்த குழந்தையைப் பார்க்க வருபவர்கள் எடை எவ்வளவு, பால் நன்றாகக் குடிக்கிறதா, இரவில் தூங்குகிறதா என்று குழந்தையைப் பற்றியே கேட்கிறார்கள். அதே அறையில் தலைகூட வாராமல் உட்கார்ந்திருக்கும் தாயிடம் “எப்படி இருக்கிறாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டால், “நன்றாக இருக்கிறேன்” என்று பதில் வரும், அதிலிருந்து எதுவும் தெரியாது. அதற்குப் பதிலாக, “நேற்று இரவு விழிக்காமல் எத்தனை மணி நேரம் தூங்கினாய்? குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா?” என்று கேட்டுப் பாருங்கள். குழந்தையின் அழுகையால் தூக்கம் கெட்டது என்றால் அது களைப்பு. குழந்தை அயர்ந்து தூங்க, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்க, அப்போதும் கண்ணை மூட முடியாமல் படுத்திருக்கிறாள் என்றால், அது களைப்பு மட்டும்தான் என்று விட்டுவிட முடியாது.

14ஆம் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிரசவம் முடிந்த ஓரிரு நாள்களிலேயே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் அளவு மளமளவென்று குறைகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் காரணம் புரியாத அழுகையும் எரிச்சலும் பதற்றமும் பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வருகின்றன; ஓய்வும் ஆறுதலான பேச்சும் கிடைத்தால் அவை இரண்டு வாரங்களுக்குள் தாமாகவே அடங்கிவிடும். எனவே பிரசவமான நாளிலிருந்து எண்ணி, 14ஆம் நாளை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். அந்த நாளைத் தாண்டியும் மனம் தெளியவில்லை என்றால், “பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும்” என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. இது கர்ப்ப காலத்திலேயே தொடங்கலாம். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம்.

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டே இருக்கும் ஒரு பெண்ணைத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சிலர் அழுவதே இல்லை. குழந்தையின் மூச்சு வருகிறதா என்று இரவெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்களும், எல்லாரிடமும் சிடுசிடுப்பவர்களும், எல்லா வேலையையும் கச்சிதமாகச் செய்துகொண்டே, குழந்தையின் மேல் பாசமே சுரக்கவில்லையே என்று உள்ளுக்குள் குமைபவர்களும் உண்டு. படியில் இறங்கும்போது குழந்தையைக் கைதவறிப் போட்டுவிடுவோமோ என்பது போன்ற வேண்டாத காட்சிகள் மனத்தில் தோன்றுவதும் மிகச் சாதாரணம். அவற்றைக் கண்டு தாயே நடுங்குகிறாள் என்றால், அவள் குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவாள் என்று பொருளல்ல. வெளியில் சொன்னால் குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சித்தான் பலர் வாய் திறப்பதில்லை. ஆகையால், அவள் சொல்லும்போது முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேளுங்கள்.

தூக்கத்தைப் பங்கிடுங்கள்

துணையிருப்பவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி, தாய்க்குத் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரத் தூக்கத்தை உறுதிசெய்வதுதான் என்பேன். மற்றவை எல்லாம் அதற்கு அப்புறம்தான். அரை மணி, முக்கால் மணி என்று துண்டு துண்டாகக் கிடைக்கும் எட்டு மணி நேரம், தொடர்ந்து தூங்கிய ஐந்து மணி நேரத்துக்கு ஈடாகாது. இரவு 9 மணி முதல் 2 மணி வரை ஒருவர், 2 மணி முதல் காலை 7 மணி வரை இன்னொருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முறை இல்லாதவர், முடிந்தால், அழுகை கேட்காத அறையில் படுக்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும் வீட்டில் இது நடக்காது என்று உடனே சொல்லிவிடுவார்கள். பால் கொடுப்பதற்கு மட்டும் குழந்தையைத் தாயிடம் கொண்டுபோய், குடித்து முடித்ததும் வாங்கிக்கொண்டு, ஏப்பம் விடச் செய்வது, ஈரத்துணி மாற்றுவது, தட்டித் தூங்கவைப்பது ஆகியவற்றை மற்றவர் செய்தாலே, ஒவ்வொரு முறையும் தாய்க்கு அரை மணி நேரமாவது மிஞ்சும். பால் சுரப்பு நிலைப்பட்ட பிறகு, பீய்ச்சி வைத்த பாலை ஒரு வேளைக்கு வேறொருவர் புகட்டினால், அந்த இடைவெளி இன்னும் நீளும்.

“குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் வேலையைப் பார்” என்பது உதவியே அல்ல. பாத்திரம், துணி, சமையல் ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையோடு இருப்பதா, படுத்துக்கொள்வதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்று விட்டுவிடுவதைவிட, “வியாழக்கிழமை மதியம் சாப்பாடு கொண்டுவருகிறேன்” என்பது நூறு மடங்கு மேல்.

தந்தையையும் மறக்கக் கூடாது. பத்தில் ஒருவர் என்ற அளவில் தந்தையரும் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள். குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அது கூடுதலாகக் காணப்படுகிறது. வேலை முடிந்தும் வீடு திரும்பாமல் இருப்பது, சட்டென்று கோபம் கொள்வது, குடி அதிகரிப்பது என்று அது வேறு முகம் காட்டும் என்பதால், பொறுப்பில்லாதவன் என்ற பட்டத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

குழந்தைக்கு வேண்டியது

பச்சிளங்குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் அதைத் தூக்கி வைத்திருப்பவரின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் அது. துணி மாற்றும்போது அந்தத் தூரத்தில் குனிந்து, மெதுவாக ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சில நொடி கழித்து வாய் குவியும், கால் உதறும், ஒரு சிறு ஒலி வரும். அதையே நீங்களும் திருப்பிச் செய்யுங்கள். சற்று நேரத்தில் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். “போதும்” என்று அதன் மொழியில் சொல்கிறது, வெறுப்பினால் அல்ல. அப்போது பொம்மையை ஆட்டி அதன் பார்வையை இழுக்காமல் விட்டுவிட்டால், தானே திரும்பிப் பார்க்கும். தாய் சலனமில்லாத முகத்தோடு இருந்தால் குழந்தை எப்படித் தவிக்கிறது என்பதை 1970களில் உளவியலாளர் எட்வர்டு டிரோனிக் சோதனை செய்து காட்டினார். நலமான உறவிலும் தாயும் சேயும் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பதும், பிசகியதை மீண்டும் சரிசெய்துகொள்வதே முக்கியம் என்பதும் அவருடைய ஆய்வுகளில் தெரியவந்தன. ஒரு நாள் முழுக்கச் சிரிக்க முடியவில்லை என்பதற்காக எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

குழந்தையின் அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் வெகுவாகக் குறைகிறது. பசி, ஈரம், காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே மணிக்கணக்கில் அழும் நாள்கள் உண்டு. பொறுமை அறுந்துபோகிறது என்று தோன்றினால், பாதுகாப்பான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு வாருங்கள். அழுவதால் அதற்குக் கேடு எதுவும் வராது; பிடித்துக் குலுக்கினால், கழுத்து நிற்காத வயதில், மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவரிடம் போகும்போது

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அடையாளம் காண 1987இல் உருவான எடின்பரோ வினாப்பட்டியல் தமிழிலும் உண்டு. கடந்த 7 நாள்களின் மனநிலையைப் பற்றிய 10 கேள்விகள் கொண்ட அதில், மொத்தம் 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே மருத்துவரை அணுக வேண்டும். இரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும் மனச்சோர்வைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், இரத்தப் பரிசோதனையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு உளவியல் ஆலோசனையே போதும். மருந்து வேண்டியிருந்தாலும், செர்ட்ராலின் போன்றவை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் பால் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை.

ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், நிலைமை வேறாக இருக்கும். தாய் இரவு பகலாகத் தூங்காமலும் களைப்பே தெரியாமலும் இருப்பாள், குழப்பமாகப் பேசுவாள், இல்லாத குரல் கேட்பதாகவோ குழந்தைக்குள் ஏதோ புகுந்திருப்பதாகவோ உறுதியாக நம்புவாள். இது குணமாகக்கூடிய நோய். ஆனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாதது. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல், உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மற்றபடி வழக்கமான சந்திப்பு என்றால், எத்தனை நாளாக, எத்தனை மணி நேரத் தூக்கம், எது மாறியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். மருத்துவரிடம் தாய் தனியாகப் பேச விரும்பலாம். அந்த நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே உலாவ ஒருவர் உடன் செல்ல வேண்டும்.