பெயிண்ட் குதிரையை அக்கம்பக்கத்திலேயே வாங்குவதும் விற்பதும்

அமெரிக்காவில் பெயிண்ட் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உடலில் வெள்ளைத் திட்டு உள்ள குதிரையெல்லாம் பெயிண்ட் ஆகிவிடாது என்பதுதான். பின்டோ என்பது அந்தத் திட்டு நிறத்தின் பெயர். பெயிண்ட் என்பது வம்சாவளியின் பெயர். டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து இயங்கும் அமெரிக்கன் பெயிண்ட் ஹார்ஸ் அசோசியேஷனில் பதிவு பெற, பெற்றோரில் ஒன்றாவது அச்சங்கத்தில் பதிவான பெயிண்டாகவும், மற்றொன்று பெயிண்ட், குவார்ட்டர் ஹார்ஸ், தரப்ரெட் ஆகிய மூன்று குதிரை இனங்களில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். ஆகவே விற்பவர் "பதிவு உண்டு" என்று சொன்னால், அசல் சான்றிதழைக் கையில் வாங்கி, முகத்து வெள்ளையையும் கால் வெள்ளையையும் எதிரில் நிற்கும் குதிரையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். "பிறகு அனுப்புகிறேன்" என்று சொல்லப்படும் சான்றிதழ் பெரும்பாலும் வந்து சேருவதில்லை. அது இல்லாமல் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்வதும் பெரும்பாடு.

பக்கத்து ஊரில் வாங்குவதன் பெரிய ஆதாயம், ஒரே குதிரையை இரண்டு மூன்று முறை நேரில் பார்க்க முடிவதே. ஒரு முறையாவது, சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய்ச் சேருங்கள். முதுகில் சேணம் அமரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்போ காய்ந்த வியர்வையின் உப்போ தட்டுப்பட்டால், சாதுவாகத் தோன்றட்டும் என்று நீங்கள் வருமுன்பே அதை ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. மேய்ச்சல் நிலத்தில் அதைப் பிடிப்பது, கயிறு மாட்டுவது, டிரெய்லரில் ஏற்றுவது எல்லாம் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும்.

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. ஆனால் பல்லையும் காலையும் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர், அதுவும் விற்பவருக்கு வழக்கமாக மருத்துவம் பார்க்கும் மருத்துவராக இல்லாதவர். அவர் மூட்டைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்து, விட்டவுடன் குதிரையை ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று கவனிப்பார். குதிரைத் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனைச் சான்றைப் பல மாநிலங்கள் கேட்கின்றன. அது புதியதாக இருக்க வேண்டும்.

குட்டி ஈன வைப்பதற்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஃபிரேம் ஓவெரோ எனப்படும் திட்டமைப்புக்குரிய மரபணுவின் ஒரு பிரதி குதிரைக்குத் தீங்கு செய்யாது. தாயும் தந்தையும் அதைச் சுமந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் குட்டி இரண்டு பிரதிகளைப் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அத்தகைய குட்டி ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறந்து, குடல் இயங்காமல் சில நாட்களுக்குள் இறந்துவிடும். இந்த மரபணு உள்ள குதிரை சிலவேளை வெள்ளை அதிகமின்றியும் இருக்குமாதலால் கண்ணை நம்ப முடியாது. வேரோடு பிடுங்கிய சில பிடரி மயிர்களை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவதே சரி. அதே மயிரில், குவார்ட்டர் ஹார்ஸ் வழியாக வரும் ஹெச்ஒய்பிபி எனும் தசைக் கோளாறையும் சோதித்துவிடலாம்.

விற்பவராக இருந்தால், பெயிண்டின் இரண்டு பக்கத் திட்டுகளும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால், இரு பக்கங்களையும் குளம்புகளையும் காட்டும் படங்களை எடுங்கள். மரம் கவ்விக் காற்றிழுக்கும் பழக்கம், பழைய காயம், வெள்ளை மூக்குத் தோல் வெயிலில் கன்றிப்போவது ஆகியவற்றை முதலிலேயே சொல்லி, விற்பனைப் பத்திரத்திலும் எழுதிவிடுவது உங்களுக்கே பாதுகாப்பு. வாங்குபவர் காசோலை கொடுத்தால், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை தெரிவதோடு நின்றுவிடாமல், வழங்கிய வங்கி அதை உறுதிசெய்யும் வரை குதிரை உங்கள் லாயத்திலேயே நிற்கட்டும். வங்கியிலிருந்து அந்த உறுதி வந்த பிறகே உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டு, சான்றிதழோடு சேர்த்துக் கொடுங்கள்.